ஸ்வெட்டர் சூடு தருமா?

ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ்கட்டிகள். ஒன்றைத் தட்டில் அப்படியே வைக்க வேண்டும். மற்றொன்றைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி வைக்க வேண்டும். எது முதலில் உருகும்? மார்கழி மாதத்தில் ஒரு நாள் உங்கள் ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கைகள் கம்பளிக்குத்தான் உயரும். ஏன் என்று கேட்டால், "கம்பளி சூடாச்சே டீச்சர்" என்பார்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதே பதில்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். ஆசிரியர் அறையில் கேட்டாலும் இரண்டு மூன்று பேராவது சொல்வார்கள்.

செய்து பார்த்தால் தட்டில் இருந்த கட்டிதான் முதலில் கரைந்துபோகிறது. கம்பளிக்குள் இருந்தது பாடவேளை முடியும்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பிள்ளைகள் நம்ப மறுத்து மறுபடியும் செய்யச் சொல்வார்கள். அப்போது நாகப்பட்டினம் துறைமுகத்தை நினைவூட்டினால் போதும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அங்கே உறவு உண்டு. மீனுக்குப் போடும் ஐஸ் பாளங்களை மரத்தூளிலோ உமியிலோ புதைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சாக்கும் உமியும் சூடு தருகிறவை என்றால் ஐஸ் வியாபாரி அந்த வேலையைச் செய்வாரா? இந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்பு சற்று நேரம் அமைதியாகும். பாடம் தொடங்க அதுவே சரியான நேரம்.

உடை எதுவும் சூட்டை உண்டாக்குவதில்லை. சூட்டை உண்டாக்குவது நம் உடல். உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் உடலிலிருந்து வெளியே போகும். ஊர்வழக்கில் "பனி தலையில் இறங்குது", "குளிர் உள்ளே ஏறுது" என்கிறோம். உண்மையில் உள்ளே எதுவும் ஏறுவதில்லை, நம்மிடம் இருப்பதுதான் வெளியேறுகிறது. அந்தப் போக்கை மெதுவாக்குவது மட்டுமே உடையின் வேலை. அந்த வேலையையும் முக்கியமாகச் செய்வது நூல் அல்ல, நூல்களுக்கு இடையே அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். தண்ணீர் அதைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாகக் கடத்தும். குளிருக்கு உடை தேர்வதில் உள்ள எல்லா யோசனைகளும் இந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். காற்றைப் பிடித்து வைக்க வேண்டும், தண்ணீரை விலக்கி வைக்க வேண்டும்.

டெல்டாவில் குளிர் எங்கே இருக்கிறது என்று நீலகிரி மாவட்டத்தில் பணியாற்றும் தோழி ஒருவர் என்னைக் கேலி செய்வதுண்டு. அவர் சொல்வதும் நியாயம்தான். உதகையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி வந்துவிடும். கீழ்வேளூரில் அதே விடியற்காலையில் 20, 21 டிகிரி இருக்கும். ஆனாலும் ஆறரை மணி சிறப்பு வகுப்புக்குச் சைக்கிளில் வரும் பிள்ளைகள் பல் கிடுகிடுக்க வருகிறார்கள். அது பாசாங்கு அல்ல. அதற்குக் கணக்கு உண்டு.

உடையின் காப்புத்திறனை அளக்க 1941-இல் 'க்ளோ' என்றோர் அலகை உருவாக்கினார்கள். 21 டிகிரி வெப்பமும் காற்றோட்டம் குறைவாகவும் உள்ள அறையில், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் குளிராமல் இருக்க எவ்வளவு உடை வேண்டுமோ அதுதான் 1 க்ளோ. நம் மார்கழி விடியலின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதே 21 என்பதைக் கவனியுங்கள். கோட், உள்கோட் எல்லாம் போட்ட ஆண் ஒருவரின் முழு உடுப்புத்தான் ஏறத்தாழ 1 க்ளோ. அரைக்கைச் சட்டையும் கால்சட்டையும் சேர்ந்து பாதியளவுதான் வரும். அரைக்கால் சட்டையோ பாவாடையோ போட்ட சிறு பிள்ளைக்கு அதிலும் குறைவு. ஆக, மார்கழியில் அரையாண்டுத் தேர்வுக்குக் காலை நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குத் தேவையில் பாதி உடைதான் உடம்பில் இருக்கிறது. மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று சுமார் கால் க்ளோ முதல் மூன்றில் ஒரு பங்கு க்ளோ வரை கூட்டும். உள்ளே ஒரு பனியனும் இருந்தால் தேவையை நெருங்கிவிடலாம். நடந்து வரும் பிள்ளைக்கு அதுகூட வேண்டாம். நடக்கும்போது உடல், உட்கார்ந்திருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. வேர்க்க வேர்க்க நடந்து வந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் நடுங்குவது இதனால்தான். உடம்பின் அடுப்பு தணிந்துவிட்டது, சட்டையோ ஈரம்.

ஈரம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் குளிரைவிடப் பெரிய எதிரி அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த சீருடை மார்கழியிலும் சரியாகக் காய்வதில்லை. காலையில் கொடியிலிருந்து எடுத்தால் பனியில் நனைந்து சில்லென்றிருக்கும். ஒரே ஒரு செட் நல்ல சீருடை வைத்திருக்கும் பிள்ளை அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறது. பருத்தி ஈரத்தை நிறைய உறிஞ்சும், விடுவதற்குத் தாமதிக்கும். நூல்களுக்கிடையே காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தையும் பிள்ளையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பது எப்படியோ, ஈரச்சட்டை பிள்ளையைக் குளிரவைப்பதும் அப்படித்தான்.

இதையும் வகுப்பில் காட்டலாம். ஒரே மாதிரியான நான்கு எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதை ஒரு சுற்று வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுங்கள். மூன்றாவதை அதே துணியால் நான்கு சுற்று தளர்வாகச் சுற்றுங்கள். நான்காவதற்கு நனைத்துப் பிழிந்த துணி. நான்கையும் தட்டால் மூடி, மின்விசிறியின் கீழ் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். வெந்நீரை ஊற்றும் வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள். நான்கு சுற்றுத் தளர்ந்த துணி கடைசிவரை தாங்கும். ஈரத்துணி சுற்றிய டம்ளர், துணியே இல்லாததைவிட வேகமாக ஆறிவிடும். ஈரச்சட்டை போட்டிருப்பதைவிடச் சட்டையே இல்லாமல் இருப்பது மேல் என்பதை அந்த எண்கள் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். மறுநாள் யார் யார் ஈரச் சீருடையில் வந்திருக்கிறார்கள் என்று நாம் கவனித்தால் போதும், யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம். என் வகுப்பு அலமாரியில் பழைய மாணவர்கள் விட்டுச்சென்ற உலர்ந்த சட்டைகள் நான்கைந்து எப்போதும் இருக்கும். மார்கழி, தை இரண்டு மாதங்களும் அவற்றுக்கு ஓய்வே இருக்காது.

அடுத்தது காற்று. பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் வரும் பிள்ளை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஊரில் இலை அசையாவிட்டாலும் அதன் மார்பில் அந்த வேகத்தில் காற்று அடிக்கிறது. துணிக்குள் அடைபட்ட காற்று அசையாத வரைதான் காப்பு. பின்னல் ஸ்வெட்டரின் கண்கள் வழியே காற்று புகுந்தால் அந்தக் காப்பு போய்விடும். அதனால்தான் சைக்கிளிலும் பைக்கிலும் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர் மட்டும் போட்டால் குளிர் நிற்பதில்லை. அதன் மேல் காற்றுப் புகாத மெல்லிய மழைக்கோட்டு ஒன்று போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் மார்பை மறைத்துச் செய்தித்தாள் வைத்துக்கொண்டு பைக் ஓட்டும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது சரியான அறிவியல். இளைப்பு உள்ள பிள்ளைகள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் தளர்வாக மூடிக்கொள்வது நல்லது. விடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் துணியில் தங்கி, உள்ளே போகும் காற்றைச் சற்று இதமாக்கும். ஆனால் காதைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, பின்னால் வரும் பேருந்தின் ஒலி கேட்காமல் ஓட்ட விடக்கூடாது.

தலை வழியாகத்தான் பாதி வெப்பம் போகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பெரியவர் ஒருவரின் உடற்பரப்பில் தலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான், அதன் வழியே போகும் வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவுதான். கைக்குழந்தைக்கு மட்டும் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, ஆகவே குல்லா அவசியம். மங்கி குல்லாவைப் போட்டுவிட்டு, காலில் ஒன்றும் இல்லாமல் ஈர வராந்தாவில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் குல்லாவைவிட ஒரு ஜோடி காலுறை பயன்படும்.

இனி துணி வகைகளுக்கு வருவோம். ஆட்டுக் கம்பளி இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கிடையே நிறையக் காற்று தங்கும். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது என்பது அதன் தனிச்சிறப்பு. பனியும் தூறலும் கலந்த மலைப்பகுதிக்கு இது மிகவும் ஏற்றது. குறை, விலை அதிகம், சிலருக்குத் தோலில் அரிக்கும், வெந்நீரில் துவைத்தால் சுருங்கித் தடித்துப்போகும். சாலையோரம் குவித்து விற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை கம்பளி அல்ல, அக்ரிலிக் என்ற செயற்கை இழை. குளிர்காலத்தில் தமிழகத்தின் பல ஊர்களுக்கு வந்து கடை போடும் திபெத்தியர்கள் விற்கும் ஸ்வெட்டர்கள் பஞ்சாபின் லூதியானாவில் வாங்கி வரப்படுபவை. பின்னலாடைகளுக்குத் தெற்கே திருப்பூர் எப்படியோ, குளிராடைகளுக்கு வடக்கே லூதியானா அப்படி. அக்ரிலிக் மலிவு, எடை குறைவு, சீக்கிரம் காயும். எங்கள் ஊர்க் குளிருக்கு அது தாராளமாகப் போதும். 'ஃப்ளீஸ்' என்கிற பஞ்சுபோன்ற பாலியெஸ்டர் துணி 1979-இல் அமெரிக்காவில் வந்தது. பாலியெஸ்டர் இழை தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம், உதறினால் பாதி காய்ந்துவிடும். பழைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலிலிருந்தும் அதைச் செய்கிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் தங்கள் சட்டையைத் தடவிப் பார்ப்பார்கள்.

இந்தச் செயற்கை இழைகளில் ஓர் ஆபத்தும் உண்டு, அதை நாம் சொல்லியே ஆகவேண்டும். தீப்பட்டால் அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். போகி அன்று விடியலில் தெருவில் எரியும் நெருப்பைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அக்ரிலிக் ஸ்வெட்டரில்தான் நிற்கிறார்கள். நெருப்பருகே போவதற்குக் கம்பளியோ தடித்த பருத்தியோதான் நல்லது.

"நம்ம ஊர் ஆட்டுல ஸ்வெட்டர் வராதா டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். அறுவடை முடிந்ததும் தென்மாவட்டங்களிலிருந்து கீதாரிகள் மந்தையோடு வந்து எங்கள் வயல்களில் கிடை போடுவார்கள். அந்த ஆடுகள் பெரும்பாலும் மயிர் வகை. வெப்ப நிலத்தில் வாழும் அவற்றுக்கு நீண்ட கம்பளி ஒரு சுமை. மெல்லிய, தரமான கம்பளி தரும் இனம் தமிழ்நாட்டில் நீலகிரி ஆடு. உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பராமரிக்கிறார்கள். ஆடும் தன் இடத்தின் குளிருக்கேற்ற உடையைத்தான் போட்டிருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அதே நீலகிரியில் தோடர்கள் கம்பளி இல்லாமலேயே குளிரைச் சமாளித்தவர்கள். அவர்களுடைய சிவப்பும் கறுப்புமான பூவேலைப்பாடு கொண்ட வெள்ளைப் போர்வை தடித்த பருத்தித் துணிதான். உடம்பை நன்றாகச் சுற்றிப் போர்த்தும்போது மடிப்புகளுக்கிடையே காற்று அடைபடுகிறது. அந்தப் பூவேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மலைப்பகுதிப் பள்ளிகளில் அரசு விலையில்லாமல் ஸ்வெட்டர் வழங்குகிறது. அங்குள்ள ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளவு எடுக்கும்போது சட்டைக்குச் சரியாக இருக்கும் அளவைக் கொடுக்காதீர்கள். உள்ளே சட்டையும் பனியனும் போட்ட பிறகும் கை தாராளமாக நுழைய வேண்டும். இறுக்கமான ஸ்வெட்டர் உள்ளே இருக்கும் காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். காலுறையும் இப்படித்தான். இரண்டு காலுறையை மாட்டி இறுக்கமான ஷூவுக்குள் காலைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிடும்.

எங்களைப் போன்ற சமவெளிப் பள்ளிகளில் பிரச்சினை வேறு. ஸ்வெட்டர் வைத்திருக்கும் பிள்ளையும் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் வாயிலுக்குள் நுழைகிறது, சீருடை நிறத்தில் இல்லை என்பதற்காக. ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அக்காவின் ரோஜாநிற ஸ்வெட்டரைப் போட்டு வரும் தம்பியை இறைவணக்கக் கூட்டத்தில் கழற்றச் சொல்வது ஒழுங்கு அல்ல. அவனிடம் இருப்பது அது ஒன்றுதான். மார்கழி, தை மாதங்களில் காலை முதல் பாடவேளை முடியும்வரை எந்த நிற ஸ்வெட்டரும் போடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வரி முடிவெடுத்தால் போதும். செலவு ஏதுமில்லை.

இந்த ஆண்டு இந்தக் கணக்கெல்லாம் எனக்கு இன்னொரு விதத்தில் தேவைப்பட்டது. நான் முதல்வன் திட்டம் 2022-இல் வந்த பிறகு, வடமாநில உயர்கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் துணிவு நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. எங்களிடம் படித்த மாணவி ஒருத்திக்கு டெல்லியில் இடம் கிடைத்தது. அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். கடையில் பார்த்த தடித்த ஜாக்கெட் ஒன்றின் விலையைச் சொல்லி, "அத வாங்கித்தான் ஆகணுமா டீச்சர்? ரெண்டு மாசக் கூலி போயிடுமே" என்றார். டெல்லியில் ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போவது வழக்கம், சில நாட்களில் 5-க்கும் கீழே போகும். பல வீடுகளிலும் விடுதிகளிலும் அறையைச் சூடாக்கும் வசதி இருக்காது, பகலிலும் மூடுபனி நிற்கும். அதற்கு உடை வேண்டும்தான். ஆனால் ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மூன்று அடுக்கு மேல். உடம்பை ஒட்டி, வேர்வையை உறிஞ்சி விரைவில் காயும் 'தெர்மல்' உள்ளாடை. அதன் மேல் காற்றைப் பிடிக்கும் ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ. அதற்கும் மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி. வகுப்பறையில் ஒன்றைக் கழற்றலாம், வெயில் வந்தால் இரண்டைக் கழற்றலாம், இரவில் மூன்றையும் போடலாம். தடித்த ஜாக்கெட்டில் அந்த வசதி கிடையாது, வேர்த்தாலும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வேர்த்தால் உள்ளே ஈரம்.

அவளுக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் தெர்மல் இரண்டு செட், காலுறை நான்கு ஜோடி, காதை மூடும் குல்லா ஒன்று, மஃப்ளர் ஒன்று, ஏற்கெனவே வீட்டில் இருந்த மழைக்கோட்டு, இவ்வளவுதான் இங்கிருந்து எடுத்துப்போக. ஸ்வெட்டரையும் ரஜாயையும் அங்கே போய் நவம்பரில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அந்தக் குளிருக்கென்றே செய்ததை அங்கேதான் விதவிதமாக, விலை பேசி வாங்க முடியும். கையுறை வாங்கினால் ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளதைவிட, நான்கு விரல்களும் ஒன்றாகப் போகும் பை போன்றது நல்லது, விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். எழுதும்போது கழற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை.

அம்மாவுக்கு அந்தச் சிறிய பட்டியலில் திருப்தி இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்கிய மெல்லிய போர்வைகள் இரண்டு வீட்டில் இருப்பதாகவும், இரண்டையும் சேர்த்து நெருக்கமாகத் தைத்து ஒரே தடித்த போர்வையாக ஆக்கித் தரலாமா என்றும் கேட்டார். மத்திய பாடத்திட்டத்தின் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வரும் கேள்விக்கு வெகு அருகில் அவர் வந்துவிட்டார். நெருக்கமாகத் தைக்க வேண்டாம், நான்கு ஓரம் மட்டும் தைத்தால் போதும், நடுவில் இரண்டும் ஒட்டாமல் இருக்கட்டும் என்றேன். "நடுவுல என்ன வைக்கிறது டீச்சர்?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாங்க, காத்து இருந்தா போதும்" என்று சொன்னதை அவர் நம்பினாரா தெரியவில்லை. மகள் அங்கிருந்து பேசியபோது, போர்வையின் ஓரத்தில் மட்டும்தான் தையல் இருக்கிறது என்றாள்.